‘கஸ்டம்’ ஏர் ரைஃபிள்னு 38,000 கேட்டா, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் ஏர் ரைஃபிள் சுடப் பழகுற பசங்க போன்ல ஒரு வீடியோ சுத்திட்டு இருக்கு. கறுப்பு பெயிண்ட், பளபளன்னு ஸ்டாக், மேல பெரிய ஸ்கோப். ‘மேட்ச் பேரல், ஹேண்ட் லேப்பிங், 1000 எஃப்பிஎஸ், லைசென்ஸ் தேவையில்லை’. (எஃப்பிஎஸ்னா குண்டு நொடிக்கு எத்தனை அடி போகுதுங்கிற வேகம்.) விலை 38,000. பாதி முன்பணம் ஜிபேயில், மீதி கையில் வாங்கும்போது. பில் கிடையாது. விக்கிற ஆள் பேரை இங்கே போடலை, போட வேண்டிய இடத்தில் புகாரா போயிருக்கு.

அந்த ஆள்கிட்ட பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் வாங்கின துப்பாக்கியை முழுசா பிரிச்சுப் பார்த்தாச்சு. உள்ளே இருந்தது கடையில் 13,000 சொச்சத்துக்குக் கிடைக்கிற சாதாரண பிரேக் பேரல் (பேரலை மடக்கி லோடு பண்ணுற) ஸ்பிரிங் ரைஃபிள். கம்பெனி எழுத்தை எமரி போட்டுத் தேய்ச்சு அழிச்சுட்டு மேலே பெயிண்ட் அடிச்சிருக்கு. சீரியல் நம்பரும் அதோட போயிருச்சு. நம்பர் அழிஞ்ச துப்பாக்கி கையில் இருந்தா போலீஸ் முதலில் கேள்வி கேட்கப் போறது உங்களைத்தான், வித்தவரை இல்லை.

போட்டித் தர ‘மேட்ச் பேரல்’னு சொன்னது அதே பழைய பேரல். முனையில் மட்டும் கை ட்ரில்லில் கவுன்டர்சிங்க் பிட் போட்டு ஒரு சாய்வு வெட்டி, ‘ரீகிரவுன்’, அதாவது முனையைப் புதுசா வெட்டினதுன்னு சொல்லியிருக்காங்க. காது குடையுற பஞ்சுக் குச்சியை முனைக்குள்ள விட்டுச் சுத்தி இழுத்தா ஒரே பக்கம் பஞ்சு மாட்டிக்கிட்டு நூலா நிக்குது. லென்ஸ் வெச்சுப் பார்த்தா பேரலுக்குள்ள சுருளா ஓடுற 12 பள்ளத்தில் ரெண்டோட வாய் மடங்கி உள்பக்கம் பிசிறு. பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) வெளியே வர்ற கடைசி நொடியில் அதோட பாவாடை மாதிரி விரிஞ்ச பின்பக்கத்தைச் சுத்தி காத்து எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேறணும். ஒரு பக்கம் முந்தினா பெல்லட் தலையை ஆட்டிக்கிட்டே போகும். 10 மீட்டரில் அஞ்சு குண்டும் 10 மில்லிமீட்டருக்குள்ள விழ வேண்டிய துப்பாக்கி, 35 மில்லிமீட்டருக்குப் பரத்தினது இதனால்தான். பேரல் முனையை லேத்தில் சென்டர் பார்த்து, ஒரே அச்சில் வெட்டினாத்தான் அது கிரவுன். கை ட்ரில்லில் அந்த அச்சு கிடைக்கவே கிடைக்காது.

அடுத்தது ஸ்பிரிங், இதுதான் கையைப் பதம் பார்க்கிற இடம். பவர் கூட்டுறேன்னு கனமான ஸ்பிரிங்கைப் போட்டு, அதுக்குப் பின்னால மூணு வாஷரும் அடுக்கியிருக்கு. காக் பண்ணும்போது, அதாவது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தும்போது, சுருள்கள் ஒண்ணோட ஒண்ணு முழுசா ஒட்டிக்கிட்டு, அதுக்கு மேல பிஸ்டன் நகர இடமே இல்லை. பிஸ்டனைப் பிடிச்சு நிறுத்துற சியர் கொக்கி முழு ஆழத்துக்குப் பிடிக்காம விளிம்பில் மயிரிழை அளவு மாட்டி நிக்குது. பெல்லட் போட விரலை பிரீச்சில் (பேரலோட பின்வாய்) வெச்சிருக்கும்போது அது நழுவினா, பேரல் அப்படியே மேலே வந்து அடிக்கும். விரல் நுனி போயிரும். நல்ல துப்பாக்கியில் ‘க்ளிக்’ சத்தம் வந்ததுக்கு அப்புறமும் பேரல் இன்னும் கொஞ்சம் கீழே போகும், அந்த மிச்ச தூரம்தான் உங்களுக்குக் காப்பு. ‘க்ளிக்’ சரியா கடைசி முட்டில், கரகரன்னு இரும்பு உரசுற சத்தத்தோட வந்தா, பெல்லட் போடாதீங்க. எந்த பிரேக் பேரலா இருந்தாலும் லோடு பண்ணும்போது இன்னொரு கை பேரலை இறுக்கிப் பிடிச்சே இருக்கணும்.

இந்த ஓவர் ஸ்பிரிங்னால பவரும் பெரிசா ஏறாது. சிலிண்டர் அளவு அதேதான், சிலிண்டரிலிருந்து பேரலுக்குக் காத்து போற டிரான்ஸ்ஃபர் போர்ட் துளையும் அதேதான். உதைதான் கூடும், ஸ்டாக் திருகு கழலும், பிஸ்டன் சீல் சீக்கிரம் தேயும்.

அப்போ வீடியோவில் 1000 எஃப்பிஎஸ் எப்படிக் காட்டினாங்க? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எண்ணெய். டிரான்ஸ்ஃபர் போர்ட்டில் ரெண்டு சொட்டு விட்டா, பிஸ்டன் அழுத்துற சூட்டில் அது பத்திக்கும், டீசல் இன்ஜின் வேலை செய்யுற அதே தத்துவம். ‘டப்’னு வெடிச் சத்தம், பேரல் வாயில் புகை, வேகம் அளக்கிற க்ரோனோவில் பெரிய நம்பர். பத்து குண்டு போறதுக்குள்ள எண்ணெய் எரிஞ்சு வேகம் இறங்கிரும், சீல் கருகிரும். அதனால வீடியோவில் எப்பவும் முதல் ஒண்ணு ரெண்டு குண்டுதான் இருக்கும். ரெண்டாவது வழி, ஈயம் இல்லாத லேசான அலாய் பெல்லட். எடை குறைஞ்சா வேகம் தானா ஏறும்.

எடை சொல்லாத வேகத்துக்கு அர்த்தமே இல்லை. கணக்கு சுலபம்: பெல்லட் எடை கிராமில், பெருக்கல் வேகம் (நொடிக்கு மீட்டர்), திரும்ப அதே வேகத்தால் பெருக்கல், வகுத்தல் 2000. விடை ஜூல், குண்டோட ஆற்றலை அளக்குற அலகு. எஃப்பிஎஸ்ஸை 0.3048ஆல் பெருக்கினா மீட்டர் கணக்கு வந்துரும். சாதாரண 0.53 கிராம் ஈய பெல்லட் 180 மீட்டரில் போனா சுமார் 8.6 ஜூல், 10 மீட்டர் அட்டைக்கு அதுவே தாராளம். 0.34 கிராம் அலாய் பெல்லட் 305 மீட்டர், அதாவது 1000 எஃப்பிஎஸ்ஸில் போனா 15.8 ஜூல். அதே வேகத்தில் 0.53 கிராம் ஈய பெல்லட் போகுதுன்னு சொன்னா கிட்டத்தட்ட 24.6 ஜூல்.

இந்தக் கடைசி நம்பர் வில்லங்கம். 2016ஆம் வருஷ ஆயுத விதிகள்படி முனை ஆற்றல் 20 ஜூலுக்கு மேல போனாலோ, குழல் விட்டம் .177 அங்குலத்துக்கு (4.5 மில்லிமீட்டர்) மேல இருந்தாலோ அந்த ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணும். 0.53 கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் எல்லை சுமார் 275 மீட்டர், அதாவது 900 எஃப்பிஎஸ் கிட்ட. ஆக, ‘1000 எஃப்பிஎஸ், லைசென்ஸ் தேவையில்லை’ங்கிற வரி ஈய பெல்லட்டைப் பொறுத்தவரை முதல் பாதி பொய், இல்லைன்னா ரெண்டாம் பாதி பொய். இதே ஆள் .22 பேரல் மாத்தித் தர்றேன்னும் 6,000 வாங்குறார். .22 ஏர் ரைஃபிளில் எத்தனை ஜூல்னு பார்க்கவே தேவையில்லை, விட்டத்தாலேயே லைசென்ஸ் பட்டியலுக்குள்ள வந்துரும்.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அதைக் கேட்டா அந்த இடத்திலேயே எழுந்து வந்துருங்க. ரெண்டு தடவை துப்பாக்கி வாங்கினவங்களுக்குத் தனியா மெசேஜ் வருது: ‘வீட்டிலேயே .22 ரிம்ஃபயர் கட்டிக்கலாம், பேரல் நான் தர்றேன், சேம்பர் வெட்ட ரெண்டு நாள் கிளாஸ், அட்வான்ஸ் 10,000.’ ரிம்ஃபயர்னா காத்துத் துப்பாக்கி இல்லை, மருந்து வெச்ச தோட்டா சுடுற நிஜத் துப்பாக்கி; சேம்பர்ங்கிறது அந்தத் தோட்டா உட்கார்ற இடம். வேற நாட்டு வீடியோக்களில் ஆளுங்க கேரேஜில் உட்கார்ந்து செய்யுறதைப் பார்த்து இங்கேயும் ஆசைப்படுறாங்க. இங்கே 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி தயாரிக்கிறது, விக்கிறது மட்டுமில்லை, ரிப்பேர் பண்ணுறதையும் தடுக்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் தயாரிப்புக்குக் குறைஞ்சபட்ச தண்டனையே 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். அட்வான்ஸ் வாங்கினவர் தலைமறைவானாக்கூடப் போலீசில் போய் ‘துப்பாக்கி செய்யக் காசு கொடுத்தேன்’னு யாரும் சொல்ல மாட்டாங்க. அவர் நம்பிக்கையே அதுதான்.

சட்டத்தை விட்டாலும் உடம்புக்கு ஆபத்து. .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரத்தில் அனுமதிச்ச உச்ச அழுத்தம் 24,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஸ்பிரிங் ரைஃபிளின் பாகம் எதுவும் அதுக்காகச் செஞ்சது இல்லை. ரிம்ஃபயரில் பிரைமர் மருந்து தோட்டாவோட விளிம்பு மடிப்புக்குள்ள இருக்கு. விளிம்பு உட்கார்ற இடம் தளர்ந்தா பித்தளை கிழிஞ்சு காஸ் முகத்துக்கு நேரா வரும். இறுகினா போல்ட் மூடும்போதே வெடிக்கலாம். .22 சுடணும்னு ஆசை இருந்தா மாவட்ட ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி, கிளப் துப்பாக்கியில், கோச் பக்கத்தில் நிக்க சுடலாம். 

பழைய ஏர் ரைஃபிள் வாங்கப் போறீங்கன்னா கூடவே எடுத்துட்டுப் போக வேண்டியது: டார்ச், லென்ஸ், பஞ்சுக் குச்சி, ஒரு டப்பா 4.5 மில்லிமீட்டர் பெல்லட், பிளாஸ்டிக் உறை போட்ட கிளீனிங் ராடு. முதலில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, துப்பாக்கி காலின்னு உறுதி பண்ணுங்க. பிரீச் பக்கமிருந்து ஒரு பெல்லட்டை ராடால் மெதுவா தள்ளுங்க. முழுக்க ஒரே சீரான தடை இருக்கணும், முனைக்கிட்ட லேசா இறுகினா நல்லது. நடுவில் திடீர்னு லூஸாகி வழுக்கினா அங்கே பேரல் வீங்கியிருக்கு, இல்லை துரு தின்னிருக்கு. வெளியே வந்த பெல்லட்டை லென்ஸில் பாருங்க, பள்ளத்தோட தடம் சுத்திலும் சமமா பதிஞ்சிருக்கணும். தடமே இல்லைன்னா அது வழவழ குழாய், ரைஃபிளே இல்லை.

பேரலை மூடி, முனையைப் பிடிச்சு இடவலமா ஆட்டிப் பாருங்க, பேரல் மடங்குற பிவட்டில் ஆட்டம் இருந்தா எந்த ஸ்கோப்பும் காப்பாத்தாது. பிரீச் சீல் மேல ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை வெச்சு, வாங்குறவர் தள்ளி நின்னு விக்கிறவரையே ஒரு குண்டு சுடச் சொல்லுங்க. பேப்பர் பறந்தா சீலில் காத்து கசியுது. பெல்லட் இல்லாம வெறுமனே சுட விடாதீங்க, பிஸ்டன் நேரா சுவரில் மோதி உடையும். க்ரோனோ இருந்தா பத்து குண்டு, உங்க பெல்லட்டில், உங்க கண்ணு முன்னாடி. புகையும் வெடிச் சத்தமும் வர்ற குண்டு கணக்கில் சேராது.

ஸ்கோப் பத்தி ரெண்டு வார்த்தை. ஸ்பிரிங் ரைஃபிள் பின்னாலயும் முன்னாலயும் ரெண்டு தடவை உதைக்கும். பெரிய துப்பாக்கிக்குன்னு விக்கிற ஸ்கோப் பலது இந்த முன்னுதையைத் தாங்காது. 100 கெஜத்துக்கு ஃபோகஸ் பூட்டின ஸ்கோப்பில் 10 மீட்டர் அட்டை மங்கலாத்தான் தெரியும், கண்ணை நகர்த்தினா குறியும் நகரும். அந்தத் துப்பாக்கியோட 8,000 ரூபாய் ஸ்கோப் இந்த ரகம்தான்.

சேத்துமடை, டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் வழியா காரில் போறவங்க, லைசென்ஸ் தேவையில்லாத ரைஃபிளா இருந்தாலும் வண்டியில் வெச்சுட்டுப் போகாதீங்க. 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டத்தில் ‘ஆயுதம்’ங்கிறது மிருகத்தைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியையும் சேர்த்துத்தான். அனுமதிக் கடிதம் இல்லாம அதோட சரணாலயத்துக்குள்ள நுழையறதே குத்தம்.

ஏற்கெனவே ஏமாந்தவங்க வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, வீடியோ எதையும் அழிக்காதீங்க. துப்பாக்கியைத் திரும்ப அந்த ஆள்கிட்டயே ‘சரி பண்ணித் தர்றேன்’னு சொன்னாலும் கொடுக்காதீங்க, சாட்சியே அதுதான். பணம் அனுப்பி பொருளே வரலைன்னா உடனே 1930, அதாவது சைபர் குற்ற உதவி எண். பொருள் வந்து சொன்ன மாதிரி இல்லைன்னா 1915இல் (நுகர்வோர் உதவி எண்) பதிஞ்சுட்டு நுகர்வோர் ஆணையம். வித்தவர் பாலக்காட்டில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்கு போடலாம், பொள்ளாச்சிக்காரருக்குக் கோவை ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். .22 பேரலோ, நம்பர் அழிச்ச துப்பாக்கியோ கையில் இருக்குன்னா ஆணையத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாருங்க, அதை எப்படி ஒப்படைக்கிறதுன்னு அவர் எழுதிக் கொடுக்கிற மாதிரி செய்யுங்க.