விண்டோஸ், மேக், லினக்ஸ்: நிரல்களை இடம் மாற்ற எது எளிது?

புதுக் கணினிக்கு மாறும்போது படங்களும் ஆவணங்களும் பெரிய தலைவலி தருவதில்லை. நகலெடுத்து ஒட்டினால் முடிந்தது. நிரல்கள் அப்படி வராது. இயங்கும் கோப்புகள், நாம் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த அமைப்புகள், காசு கொடுத்து வாங்கியதென்றால் உரிமச் சாவி என மூன்றும் சேர்ந்துதான் ஒரு நிரல். முதலாவதைப் பெரும்பாலும் திரும்ப டவுன்லோட் செய்துகொள்ளலாம். பேக்கப்பில் அக்கறை காட்டவேண்டியது மற்ற இரண்டுக்கும்தான். அவற்றை எங்கே ஒளித்துவைக்கிறது என்பதில்தான் இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபாடு.

அதிகம் படுத்துவது விண்டோஸ். நிரலின் உடல் புரோகிராம் ஃபைல்ஸில், அமைப்புகள் ஆப்டேட்டாவில், கொஞ்சம் புரோகிராம்டேட்டாவில், மிச்சம் விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் என்று சிதறிக் கிடக்கும். புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் ஃபோல்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் பல நிரல்கள் திறக்கவே திறக்காது. ‘போர்ட்டபிள்’ என்று தனியாகக் கிடைக்கும் பதிப்புகள் மட்டும் விதிவிலக்கு. பென் டிரைவில் போட்டால் போன இடத்தில் ஓடும்.

ஆப்டேட்டா இயல்பாகவே கண்ணில் படாமல் மறைக்கப்பட்ட ஃபோல்டர். அதற்குள் ரோமிங், லோக்கல் என்று இரண்டு முக்கியப் பிரிவுகள். லோக்கலில் இருப்பது கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) குப்பைதானே என்று விட்டுவிடக் கூடாது. குரோம் உலாவி தன் புரொஃபைலை (புக்மார்க், அமைப்புகள் எல்லாம் அடங்கிய ஃபோல்டர்) அங்கேதான் வைக்கிறது. அதை நகலெடுத்தாலும் சேமித்த கடவுச்சொற்கள் கூட வராது. பழைய கணினியின் விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை அவை. கூகுள் கணக்கில் சிங்க் செய்வது, இல்லையென்றால் முன்கூட்டியே கோப்பாக ஏற்றுமதி செய்துவைப்பதுதான் வழி.

விண்டோஸ் 7-இல் ‘ஈஸி டிரான்ஸ்ஃபர்’ என்றொரு கருவி இருந்தது. அதுவும் அமைப்புகளையும் கோப்புகளையும்தான் நகர்த்தியது, நிரல்களை அல்ல. விண்டோஸ் 10-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது உருப்படியாக இருப்பது 2021-இல் முதல் முழுப் பதிப்பு வந்த விங்கெட், கட்டளை கொடுத்து நிரல்களை இன்ஸ்டால் செய்யும் மைக்ரோசாஃப்ட் கருவி. ‘விங்கெட் எக்ஸ்போர்ட்’ கட்டளை உங்கள் நிரல்களின் பட்டியலை ஒரு சின்னக் கோப்பாக எழுதித் தரும். புதுக் கணினியில் ‘விங்கெட் இம்போர்ட்’ கொடுத்தால் வரிசையாக இன்ஸ்டால் ஆகும். விங்கெட்டின் களஞ்சியத்தில் இல்லாத நிரல்கள் பட்டியலில் ஏறாது. அமைப்புகளும் வராது. டிஸ்க் முழுவதையும் இமேஜாக (அச்சு அசல் நகலாக) எடுத்துவைக்கலாமே என்றால், அதே கணினியை மீட்க அது அருமை. வேறு கணினியில் இறக்கினால் டிரைவர், ஆக்டிவேஷன் என்று வேறு வேலைகள் கிளம்பும்.

மேக்கில் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. நிரல் என்பது ஒரே பொட்டலம். அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் இழுத்துப் போட்டால் போதும். அமைப்புகள் பயனரின் லைப்ரரி ஃபோல்டரில் இருக்கும். 2007 முதல் கூடவே வரும் டைம் மெஷின் பேக்கப்பை, புது மேக்குக்கு மாற்றித்தரும் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் கருவியிடம் காட்டினால் நிரலும் அமைப்பும் சேர்ந்தே வந்துவிடும். நகர்த்துவது எளிது, நகர்ந்தபின் ஓடுமா என்பதுதான் கேள்வி. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பில் பழைய வகையான 32-பிட் நிரல்கள் எதுவும் ஓடவில்லை. இன்டெல் சிப்புக்காக எழுதிய நிரல்களை ஆப்பிளின் சொந்தச் சிப்பில் ஓட்டிக்காட்டுவது ரோசெட்டா 2. இன்டெலுக்கு முன் மேக்கில் இருந்த பவர்பிசி சிப்பின் நிரல்களுக்காக 2006-இல் வந்த முதல் ரோசெட்டா 2011-இல் லயன் என்ற மேக் பதிப்போடு போய்விட்டது. அதை நினைவில் வைத்துக்கொண்டு பழைய நிரல்களுக்கு மாற்று தேடிவைப்பது நல்லது.

லினக்ஸில் பேக்கப் ஆச்சரியப்படும்படி சிறியது. டெபியன், உபுண்டு வகை லினக்ஸ் என்றால் ‘ஏபிடி-மார்க் ஷோமேனுவல்’ கட்டளை தரும் நிரல் பட்டியலும் ஹோம் ஃபோல்டரும் இருந்தால் முக்கால்வாசி முடிந்தது. அமைப்புகள் பெரும்பாலும் ஹோமுக்குள், பெயர் புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்களில் சாதாரணக் கோப்புகளாக இருக்கும். சர்வர் நிரல்கள் ஏதாவது வைத்திருந்தால் அவற்றின் அமைப்புகள் இருக்கும் ‘எட்சி’ ஃபோல்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் அப்படியே நகலெடுத்தால் கோப்பு அனுமதிகளும் சிம்லிங்குகளும் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்புகள்) தொலையும். எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக்கும் டார் கோப்பாகக் கட்டி எடுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவியை நம்பி இருப்பவர்கள் கவனிக்க: அது ஹோமை இயல்பாக எடுப்பதே இல்லை. வேறு டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸின் வேறு வகைக்கு) போனால் பட்டியல் அப்படியே செல்லாது. அப்பாச்சி வெப் சர்வரின் பெயர் டெபியனில் ‘அப்பாச்சி2’ என்றால் ஃபெடோராவில் ‘எச்டிடிபிடி’.

ஆக, அடுத்ததும் மேக்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், மைக்ரேஷன் அசிஸ்டென்ட். கட்டளை அடிக்கத் தயங்காதவருக்கு லினக்ஸ்தான் என் முதல் தேர்வு. விண்டோஸ்காரர்கள் விங்கெட் பட்டியல், ஆப்டேட்டாவிலிருந்து தேவையானவை, உரிமச் சாவிகள் மூன்றையும் தனித்தனியே எடுத்துவைக்க வேண்டும். சில உரிமங்களைப் பழைய கணினியில் முதலில் டிஆக்டிவேட் செய்தாக வேண்டும். ஃபார்மேட் அடித்தபின் அதைச் செய்ய முடியாது.

இயங்குதளமே மாறுகிறது என்றால்? நிரல் வராது, சில நிரல்களின் தரவு வரும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தண்டர்பேர்டு அஞ்சல் நிரல் இரண்டின் புரொஃபைல் ஃபோல்டரும் மூன்று இயங்குதளங்களிலும் ஒரே அமைப்பில் இருப்பதால் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குக் கொண்டுபோனாலும் புக்மார்க், கடவுச்சொல், அஞ்சல் எல்லாம் வந்துசேரும். புதுக் கணினியில் இருக்கும் பதிப்பு பழையதைவிடப் பிந்தியதாக இருக்கட்டும். முந்தியதாக இருந்தால் அந்த புரொஃபைலைத் திறக்க மறுக்கும்.