கோரிமேட்டுத் தகர ஷெட்டில் என் சான் ஸ்டார்முக்குப் பெட்ரோல் ஹோஸ் மாற்றிய கதை

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சேலத்தில் கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போகிற ரோட்டில், வேப்பமரத்துக்கு அடியில் ஒரு தகர ஷெட். மெக்கானிக் அண்ணனும், அவரிடம் தொழில் பழகுகிற இரண்டு பையன்களும்தான் மொத்த ஆட்கள். பழைய இன்ஜெக்‌ஷன் வண்டி (பெட்ரோலை அழுத்தத்தோடு என்ஜினுக்குள் பீய்ச்சுகிற வகை) வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என்னுடையது சான் ஸ்டார்ம் கார். இரண்டே இரண்டு சீட். கோவாவில் தயாரான வண்டி. பாடி முழுக்க ஃபைபர். உள்ளே ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் என்ஜின், 60 குதிரைத்திறன். என் அண்ணன் 2002-இல் ஆசை ஆசையாக வாங்கினார். அவர் போன பிறகு ஒன்பது வருஷமாக என் கையில் இருக்கிறது. நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் கீழே இறங்கி, லீ பஜாரில் வேலையை முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் ஏறிவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இந்த வண்டியில்தான்.

போன கத்திரி வெயிலில் ஒரு நாள் ஏறி வந்து ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். இறங்கிப் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தால் கப்பென்று பெட்ரோல் வாடை. ஓடும்போது இல்லை, நின்ற பிறகுதான். அடுத்த தடவையும் அப்படியே. வீட்டில் எல்லோரும் "பழைய வண்டின்னா வாடை வரத்தான் செய்யும்" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஃபைபர் பாடி துருப்பிடிக்காது. ஆனால் தீப்பிடித்தால் நின்று நிதானித்து எரியாது.

இந்தச் ஷெட்டைச் சொன்னது எங்கள் தோட்டத்துக்கு உரம் ஏற்றி வருகிற ஜீப்காரர். போன அன்றைக்கே மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து, எதையும் தொடாமல் முதலில் மோந்து பார்த்தார். பிறகு எல்ஈடி டார்ச் அடித்து, பெட்ரோல் வருகிற ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல வளைத்தார். விரலில் கறுப்பாகப் பொடி ஒட்டியது.

"அக்கா, இதுல ஒண்ணு மட்டும் புதுசா இருக்குதுங்களே, யாரு போட்டது?"

முந்தின வருஷம் ஊருக்குள் ஒரு பட்டறையில் போட்டது. ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குப் போகிற துண்டு. மற்ற ஹோஸ்கள் இருபது வருஷத்துக்கு மேலான பழசு, இது ஒரு வருஷத்துப் புதுசு. ஆனால் எல்லாவற்றையும்விட இதுதான் மோசமாக இருந்தது. தொட்டால் கொழகொழவென்று உப்பியிருந்தது. மேலே ஓர் எழுத்துக்கூட அச்சாகவில்லை. கார்புரேட்டர் வண்டிக்கு (பெட்ரோலை உறிஞ்சிக் காற்றோடு கலக்கிற பழைய முறை) போடுகிற சாதா ஹோஸ் அது.

அவர் அதை விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வருகிற அழுத்தம் கால் பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவில்தான் இருக்கும். எங்கள் வண்டி மாதிரி மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷனில் அது மூன்று பார் பக்கம், அதாவது பத்து மடங்குக்கு மேல். அதோடு சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாலும் லைனில் அழுத்தம் உடனே இறங்காது. மறுபடி சுலபமாக ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று பம்பில் உள்ள வால்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். மலை ஏறி வந்த என்ஜின் கொதிக்கிறது, வண்டி நிற்பதால் காற்றோட்டமும் இல்லை, ஹோஸுக்குள் அழுத்தம் அப்படியே இருக்கிறது. வியர்க்கிற மாதிரி கசிவது அந்த நேரத்தில்தான். ஏரிக்கரையில் நான் மோந்த வாடைக்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொரு காரணம் இப்போது நாம் போடுகிற பெட்ரோல். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி, இன்று ஏறக்குறைய எல்லா பெட்ரோல் பங்க்குகளிலும் அதுதான். 2002-இல் செய்த ரப்பருக்கு இந்தக் கலவையோடு பழக்கமே இல்லை. எத்தனால் பழைய நைட்ரைல் ரப்பரை உப்ப வைக்கும். அதை வளைந்துகொடுக்கும்படி வைத்திருக்கிற பொருளையும் கரைத்து வெளியே எடுத்துவிடும். அப்புறம் வண்டி சும்மா நின்று லைன் காய்ந்தால் ரப்பர் சுருங்கி விறைத்து வெடிக்கும். என் வண்டி மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கிற வண்டி. கழற்றிய ஒரு ஹோஸை அண்ணன் பிளேடால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். வெளியே சின்னச் சின்னக் கீறல்தான் தெரிந்தது. உள்ளே ஆடி மாசத்து ஏரி மண் மாதிரி வெடித்துக் கிடந்தது.

அவர் போடுவது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று மேலேயே அச்சிட்ட ஹோஸ் மட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கென்றே உள்ள தரம் அது. 100 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய ஏழு பார் வரைக்கும் தாங்கும். உள் சுவர் எத்தனாலுக்கு அசையாத ஃபுளோரோ ரப்பர். வாங்குகிறவர்கள் அந்த எழுத்தைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். "அதே மாதிரிதாங்க இதுவும்" என்று எழுத்தில்லாத சுருளிலிருந்து வெட்டிக்கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீட்டருக்குச் சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தித்தான் நான் ஒரு வருஷம் வாடையோடு ஓட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை தருவதாகச் சொன்ன வண்டி திங்கட்கிழமைதான் கைக்கு வந்தது. காரணம் டேங்குக்குள் இருக்கிற ஒரு சாண் துண்டு. பம்பு பெட்ரோலிலேயே முங்கியிருக்கிறது. அதன் தலையில் ஒரு சின்ன ஹோஸ் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அதையும் வெளியே எடுத்துப் பார்த்தார்கள். களிமண் மாதிரி நசுங்கியது. மிச்சம் இருக்கிற ஆர்9-லேயே ஒரு துண்டு வெட்டிப் போட்டுவிடுங்களேன், எனக்கு வெள்ளிக்கிழமை மிளகு லோடு இருக்கிறது என்று கெஞ்சினேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"உள்சுவர்தான் பெட்ரோலுக்குத் தாங்கும்க்கா. மேல் சுவர் அப்படி இல்லைங்க. முங்கிக் கிடந்தா மேலிருந்து கரைஞ்சு வரும். கரைஞ்சதெல்லாம் பம்புக்குப் போவும்."

முங்கியே கிடப்பதற்கு ஆர்10 என்று தனியாக உண்டாம். சேலத்தில் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கோபத்தில் அன்றைக்கு நான் சரியாகப் பேசவில்லை. மிளகு மூட்டைக்கு வேறு வண்டி பிடித்தேன். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரிடம் திரும்பப் போவேன். அந்தத் துண்டை யாரும் கண்ணால் பார்க்கப்போவதில்லை. அவர் எதைப் போட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

வேலை நடந்த இரண்டு நாளும் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வண்டியை முந்தின நாள் மாலையே விடச் சொல்லிவிட்டார், என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் பெட்ரோல் மூடியைத் திறந்து ஆவியை விட்டார். பம்பு ஃபியூஸைப் பிடுங்கி, என்ஜினை ஸ்டார்ட் செய்து அதுவாகவே இருமி நிற்க விட்டார். லைனில் இருந்த அழுத்தம் அதோடு போயிற்று. பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். முதல் ஹோஸைப் பிடுங்கும்போதும் துணியைச் சுற்றித்தான் பிடுங்கினார்கள், மிச்சம் இருந்தது துணியோடு போயிற்று. தூணில் தீயணைக்கிற பவுடர் சிலிண்டர் தொங்கியது. தேதி பார்த்தேன், காலாவதி ஆகவில்லை. டீ கொண்டுவந்த பையன் கையில் பீடி இருந்ததைப் பார்த்து ரோட்டு ஓரத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஹோஸை வெட்டப் புது பிளேடு, ஒரே இழுப்பு. ஆக்சா பிளேடைத் தொடவிடவில்லை, ரப்பர் தூள் உள்ளே போனால் நேராக, பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரில் போய் அடைக்குமாம். கழற்றிய குழாய் வாய்களை உடனுக்குடன் மூடி வைத்தார்கள். பழைய கிளிப்புகளையும் தூக்கிப் போடச் சொன்னார். ஓட்டை ஓட்டையாகப் பல் வெட்டின பட்டை, இறுக்க இறுக்க ரப்பரைக் கடித்துத் தின்றிருந்தது. புதுசு வழவழவென்று முழுப் பட்டை, ஓரம் வெளியே மடித்தது. குழாய் நுனியில் ஒரு மேடு இருக்கிறது. ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டிப் போக வேண்டும், கிளிப் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளிப் உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு வரும். இதைச் சின்னப் பையனுக்கு அவர் மூன்று தடவை சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் போல.

எல்லாம் பூட்டிய பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. சாவியை ஆன் செய்தால் பம்பு ஓரிரு நொடி உறுமி நிற்கும். அப்படி மூன்று தடவை. ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பார்த்தார்கள். ஃபில்டர் வெளிவாயில் பேப்பர் நனைந்தது. பையன் ஹோஸை மேட்டைத் தாண்டி முழுசாகத் தள்ளவில்லை. அண்ணன் திட்டவில்லை. அவனையே பிடுங்கச் சொல்லி, நுனியைப் புதிதாக வெட்டி, மறுபடி போட வைத்தார். பிறகு இருபது நிமிஷம் என்ஜினை ஓட விட்டு, நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கழித்து மறுபடி பேப்பர். நின்ற பிறகுதான் கசிகிறது என்று நான் சொன்னது அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எந்த நாள் முடியும் என்பதில் அவர் வாக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். ரசீது கேட்டால்தான் வரும். எனக்கு முதலில் ஃபில்டர் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தார், வற்புறுத்திய பிறகு தாளில் தந்தார். வந்து மூன்றாவது தடவை மலை ஏறிய பிறகு நானே பானட்டைத் திறந்து பார்த்தபோது, ஒரு ஹோஸ் பேட்டரி தாங்கியின் ஓரத்தில் உரசித் தடம் விழுந்திருந்தது. இது கவனக்குறைவு. பத்து மாசம் விட்டிருந்தால் அறுந்திருக்கும். கொண்டுபோய்க் காட்டியதும் அந்தத் துண்டையே மாற்றி, பாதையைத் திருப்பி, மேலே உறை போட்டுக் கட்டினார். காசு வாங்கவில்லை. இன்ஜெக்டர் ஓரிங்குகளையும் (கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையங்கள்) கையோடு மாற்றியிருக்கலாம் என்பது என் எண்ணம். பேப்பர் நனையவில்லை, இன்ஜெக்டர்களைத் தாங்குகிற ரெயிலைக் கழற்ற வேண்டிய தேவையும் இல்லை, நன்றாக இருப்பதைக் கலைக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். அவையும் ஹோஸ்கள் வயசுதானே. இதில் இன்னும் எனக்குச் சமாதானம் இல்லை.

செலவு: ஆர்9 ஹோஸ் மூன்று மீட்டர் 2850, டேங்குக்குள் போகிற ஆர்10 துண்டு 600, கிளிப் பதினான்கு 630, புது ஃபில்டர் 450, கூலி 2500. மொத்தம் 7030 ரூபாய். பழைய ஹோஸ் ஏழு துண்டையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார். ஊருக்குள் வேறொரு இடத்தில் வெளியே தெரிகிற இரண்டு ஹோஸை மட்டும் மாற்ற 1500 கேட்டிருந்தார்கள். இரண்டை மாற்றி ஐந்தை விட்டால், அழுத்தம் அந்த ஐந்தில் எது பலவீனமோ அதைத் தேடிக்கொள்ளும். மாற்றுவதென்றால் டேங்கிலிருந்து என்ஜின் வரைக்கும், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் லைன் உட்பட, ஒரே மூச்சில் மாற்றுங்கள்.

இப்போது நான்கு மாசம் ஆகிறது. பெட்ரோல் வாடை இல்லை. மகள் காலேஜ் லீவில் வந்தபோது மாமாவின் வண்டியில் பகோடா பாயின்ட் வரைக்கும் அழைத்துப் போனேன். நிறுத்திய இடத்தில் பானட்டைத் திறந்து, பேப்பர் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு ஷெட் திறப்பதில்லை. காலை எட்டரைக்கு ஆரம்பிப்பார்கள், சூடான என்ஜினில் கை வைக்க மாட்டார்கள். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாள் சாயந்தரமே வண்டியை விட்டுவிட்டு, பஸ் ஏறித் திரும்பிவிடுங்கள். டேங்கில் பெட்ரோல் கால்வாசிக்கு மேல் இல்லாமல் கொண்டுபோங்கள். பம்பை வெளியே எடுக்க அவர்களுக்கு அது சுலபம்.