பாதி விலை சுகர் ஸ்ட்ரிப்: வேலூரில் வாங்குவோர் கவனத்திற்கு

வேலூரில் மருத்துவப் பொருள்களை மொத்த விலைக்கு விற்பதாகச் சொல்லும் ஒரு கடையில், வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டருக்கான ஸ்ட்ரிப்புகளைச் சந்தை விலையில் ஏறத்தாழப் பாதிக்குக் கொடுத்து எங்களை ஏமாற்றிவிட்டார்கள். காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கங்களில் இதுபோன்ற சலுகையைக் காண்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழும் என் தந்தை, காலையில் கோட்டை அகழியோரம் நடப்பதையும், இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்து நோட்டில் குறிப்பதையும் தவறவிடுவதில்லை. இந்த ஸ்ட்ரிப்புகள் வந்தபின், கேழ்வரகுக் களி உண்ட இரவுகளிலும் மீட்டர் 130, 140 என்றே காட்டியது. களி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை நம் வட ஆற்காட்டு வீடுகளில் ஏற்கெனவே வேரூன்றியது. அதற்கு மீட்டரும் சாட்சி சொன்னதால், உருண்டை நாளடைவில் பெருத்தது. (கேழ்வரகிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான், அளவு கூடினால் சர்க்கரையும் கூடும்.)

பிறகு எடுத்த எச்பிஏ1சி பரிசோதனையில் 9 சதவீதம் என்று வந்தது. முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரை 212 அளவில் இருந்திருக்கிறது என்பது அதன் பொருள். நோட்டிலோ 150ஐத் தாண்டிய எண்ணே இல்லை. லேபில் ரத்தம் கொடுக்கும் அதே வேளையில் மீட்டரிலும் பார்க்குமாறு மருத்துவர் சொன்னார். லேப் 208 என்றது, மீட்டர் 127 என்றது. 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீத வேறுபாடு வரை ஏற்கத்தக்கது என்கிறார்கள். இது அதற்குள் அடங்குவதன்று.

பெட்டியை உற்றுப் பார்த்தபோது, காலாவதித் தேதியின்மேல் வேறொரு தேதி அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருந்தது. பெட்டியின் லாட் எண் (உற்பத்தித் தொகுதி எண்) ஒன்று, உள்ளிருந்த குப்பியின் லாட் எண் வேறொன்று; குப்பியின் தேதியோ எப்போதோ முடிந்திருந்தது. ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும் நொதி ரத்தத்தின் சர்க்கரையோடு வினைபுரிவதைக் கொண்டே மீட்டர் கணக்கிடுகிறது. நாள்பட்டாலும், வெப்பமும் ஈரமும் பட்டாலும் அந்த நொதி கெடும். 30 டிகிரிக்குள் வைக்க வேண்டிய பொருள், 40ஐத் தாண்டும் வேலூர்க் கோடையில் எந்தக் கிடங்கில் கிடந்ததோ!

கடைக்காரர், “பெரியவர் மாத்திரையை விட்டிருப்பார் சார், இல்லையென்றால் மீட்டர் பழசாகியிருக்கும்” என்றார். பணத்தையும் தரவில்லை, வாங்கும்போது பில் கேட்டதற்கு அவர் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு.

ஆகவே, பில் தராத கடையில் ஸ்ட்ரிப் வாங்காதீர்கள். பணம் கொடுக்குமுன் அங்கேயே பெட்டியைத் திறந்து, பெட்டியிலும் குப்பியிலும் உள்ள லாட் எண்ணையும் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் குப்பி, பெட்டி, சீட்டு மூன்றையும் எறியாமல் வைத்துக்கொண்டு, மருந்து ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவதற்கு இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.