37 லட்சம் வாக்குக்கு 11 இடம், 35 லட்சத்துக்கு 72

பிரிட்டனில் வலதுசாரி கன்சர்வேட்டிவுக்கும் இடதுசாரி லேபருக்கும் நடுவில் நிற்கும் லிபரல் டெமாக்ரட் கட்சி 2019 பொதுத்தேர்தலில் சுமார் 37 லட்சம் வாக்கு வாங்கி 11 இடங்களில் வென்றது. 2024இல் வாங்கியது 35 லட்சம்தான், இடங்களோ 72. நடுவில் நிற்கும் கட்சியை மக்கள் நம்புவதில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

2019இல் கட்சித் தலைவர் ஜோ ஸ்வின்சன் தன்னையே பிரதமர் வேட்பாளராக முன்னிறுத்தினார். பெரும்பான்மை கிடைத்தால் மறுவாக்கெடுப்புகூட இல்லாமல் பிரெக்ஸிட்டை (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதை) ரத்து செய்வோம் என்றார். வாக்கு 2017இன் 7.4 சதவீதத்திலிருந்து 11.5க்கு ஏறியது. ஆனால் நாடெங்கும் சிதறி விழுந்தது. ஏறக்குறைய 90 தொகுதிகளில் இரண்டாம் இடம். தெற்கு இங்கிலாந்தின் வசதியான புறநகர்களில் பிரெக்ஸிட் பிடிக்காத கன்சர்வேட்டிவ் வாக்காளர்கள் பலர், லேபர் தலைவர் ஜெரமி கார்பின் பிரதமராகிவிடுவாரோ என்ற பயத்தில் பழைய கட்சிக்கே போட்டார்கள். ஸ்வின்சனே தன் தொகுதியில் 149 வாக்கில் தோற்றார்.

2024இல் புதிய தலைவர் எட் டேவி அந்த இரண்டாம் இடங்களையே பட்டியலாக எடுத்துக்கொண்டு ஆளையும் பணத்தையும் அங்கேயே இறக்கினார். ஈஷர் அண்ட் வால்டனைப் பாருங்கள்: கன்சர்வேட்டிவின் டொமினிக் ராப் 2017இல் 23,298 வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொகுதி, 2019இல் அது 2,743 ஆகச் சுருங்கியது, 2024இல் கைமாறியது. வீடு வீடாகப் போகும் துண்டறிக்கையில் ஒரு பட்டை வரைபடம் இருக்கும். லேபரின் பட்டை தரையோடு ஒட்டியிருக்கும். "லேபர் இங்கே ஜெயிக்காது" என்று மேலே எழுதியிருக்கும். (பட்டையின் உயரமும் எண்ணும் பொருந்தாமல் இந்தக் கட்சி பலமுறை கேலிக்கு ஆளானதுண்டு.) லேபர் அனுதாபியின் வாக்கை இரவல் வாங்கும் வேலை இது. அப்போதைய லேபர் தலைவர் கெயர் ஸ்டார்மரைக் காட்டி கன்சர்வேட்டிவால் யாரையும் பயமுறுத்தவும் முடியவில்லை.

அந்த இரவல் வாக்கு போனால் என்ன ஆகும் என்பதற்கு 2015 சாட்சி. கல்விக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று எழுதிக் கையெழுத்திட்ட கட்சி, 2010இல் கன்சர்வேட்டிவோடு கூட்டணி ஆட்சியில் உட்கார்ந்ததும் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயரத் துணை நின்றது. இடதுசாரிச் சாய்வுள்ளவர்கள் கோபத்தில் விலகினார்கள். விளைவு, 57 இடம் 8 ஆனது. 5 சதவீதம் எட்டாமல் 341 தொகுதிகளில் டெபாசிட் காலி. வேடிக்கை என்னவென்றால், பறிபோன 49இல் 27ஐ அள்ளியது கூட்டாளியான கன்சர்வேட்டிவே. இங்கிலாந்தின் தென்மேற்கில் வைத்திருந்த 15ம் போயின. லேபர் ஆதரவாளர்கள் விலகினால் அங்கே இரண்டாவதாக நின்றவர் தானாக முதலாவதாகிவிடுவார், அவ்வளவுதான்.

ஜெர்மனியின் தாராளவாதக் கட்சியான எஃப்டிபிக்கு (சுதந்திர ஜனநாயகக் கட்சி) இந்தத் தொகுதிக் கணக்கு உதவாது. அங்கே வாக்காளருக்கு இரண்டு வாக்கு, ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிக்கு; கட்சிக்கு விழும் அந்த இரண்டாவது வாக்கின் விகிதப்படி இடம் கிடைக்கும். வாக்கு சிதறினாலும் நஷ்டமில்லை. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் எல்லாம் போச்சு. 2009இல் 14.6 சதவீதம் வாங்கிய கட்சி, அப்போதைய அரசுத் தலைவர் (சான்சலர்) ஏஞ்சலா மெர்க்கெலோடு நான்கு ஆண்டுகள் ஆண்டுவிட்டு 2013இல் 4.8க்கு விழுந்து நாடாளுமன்றத்தை விட்டே வெளியேறியது. அந்த ஆண்டு மெர்க்கெல் கட்சி, இரவல் தர எங்களிடம் வாக்கு இல்லை என்று கையை விரித்துவிட்டது. 2021இல் 11.5 சதவீதத்தோடு மெர்க்கெலுக்குப் பின் சான்சலரான ஓலாஃப் ஷோல்ஸின் கூட்டணியில் சேர்ந்து, 2024 நவம்பரில் அது உடைந்தபின் 2025இல் கிடைத்தது 4.3, மறுபடியும் பூஜ்யம்.