ஆறடி மீன்தொட்டியும் உப்புக் காற்றும்: ஆறு ஆண்டு அனுபவம்

மண்டபத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு மாடியில், ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட நன்னீர் மீன்தொட்டி ஒன்றை 2018-இல் வைத்தேன். கண்ணாடி 12 மி.மீ. தடிமன். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்தினாலும் நீர் மட்டும் ஏறத்தாழ 600 லிட்டர். கண்ணாடி, மணல், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் எடை 900 கிலோவை நெருங்கும். தொட்டிக்கு நேர் கீழே அம்மா படுக்கும் அறை. தொடக்கத்தில் பல இரவுகள் எழுந்து போய், டைல்ஸ் இணைப்புகளில் விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், சாமான்களின் எடை) என்பது கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 தரும் அளவு. என் தொட்டி தான் நிற்கும் இடத்தில் அதைப்போல் நான்கு மடங்கு அழுத்துகிறது. அறையின் மற்ற பகுதி காலியாக இருப்பதால் தளம் உடனே விழுந்துவிடாது என்றாலும், வீட்டின் வரைபடத்தைப் பார்த்த பொறியாளர் ஒருவர், நடுத்தளத்தில் வைத்திருந்ததைச் சுவரோரமாக, பீம் ஓடும் இடத்துக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன்.

அடுத்த கவலை கண்ணாடி. நீரழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பொறுத்ததன்று, ஆழத்தைப் பொறுத்தது. 22 அங்குல ஆழத்தில் முன்கண்ணாடி மீது மொத்தம் ஏறத்தாழ 290 கிலோ விசை விழுகிறது என்று கணக்கிட்டபோது வயிறு கலங்கியது. மாதம் ஒருமுறை இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்ப்பேன். முதல் நாள் நிரப்பியபோது இருந்த வளைவு இன்றுவரை கூடவில்லை.

உண்மையான ஆபத்து நான் பார்க்காத இடத்தில் இருந்தது. ஐந்தாம் ஆண்டில், நீர்மட்டம் ஒரு மூலையில் விளிம்பை விட்டுச் சற்று இறங்கியிருப்பது கண்ணில் பட்டது. தளம் அமிழ்கிறது என்றே பயந்தேன். தொட்டியைக் காலி செய்து ஸ்டாண்டைச் சாய்த்துப் பார்த்தால், சதுரக் குழாய்க் கால் ஒன்றின் அடிப்பகுதி உள்ளிருந்தே துருவேறி, சுத்தியலால் தட்டியதும் பொருக்காக உதிர்ந்தது. வெளிப் பெயிண்ட் அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது. அடி திறந்த குழாய்க்குள் உப்புக் காற்றும் தரை துடைக்கும் ஈரமும் ஏறிக்கொண்டே இருந்திருக்கின்றன. செய்து தந்த கடையில் அடியை மூடித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் இந்தக் காற்றோடு பட்ட பாட்டையும், 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றதையும் அருகிலிருந்தே பார்த்தவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும்.

இப்போது தொட்டி கீழ்த்தளக் கூடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் மணல் பூமி. தரைக்கு அடியில் நிரப்பிய மண் இறங்கக்கூடும் என்பதால், டைல்ஸைப் பெயர்த்துக் கான்கிரீட் போட்டு, மூன்று செங்கல் சுவர்கள் எழுப்பி, மேலே கடப்பாக்கல் பரப்பி, ரசமட்டம் பார்த்து, தெர்மாகோல் விரித்த பிறகே தொட்டியை ஏற்றினோம். அந்தச் செலவு முதலில் வாங்கிய ஸ்டாண்டைவிட அதிகம். ஆனால் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இரும்புதான் வேண்டுமென்றால், குழாயின் முனைகளை முழுதாக அடைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்களைத் தட்டிப் பாருங்கள்.

மிச்சமிருப்பது சிலிக்கான் ஒட்டு. உள்மூலை ஒன்றில் பூச்சு ஓரம் லேசாக உரிந்திருக்கிறது. கசிவு இல்லை. வரும் கோடையில் மீன்களைச் சின்டெக்ஸ் தொட்டிக்கு மாற்றிவிட்டு, பழைய ஒட்டைச் சுரண்டி எடுத்து, புதிதாகப் போடப்போகிறேன்.