புடவை கட்டினால் எண்ணத் தெரியாத ஆப்

தசை குறையும் வயதானவர்களுக்கான ஒரு ஆப் பற்றியது இது. முதலில் மார்க்: ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் உடற்பயிற்சிப் பகுதிக்குத்தான்.

மாமியாருக்கு 68 வயது, பல வருஷமாகச் சர்க்கரை. எடை குறையவில்லை, ஆனால் நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற ஆரம்பித்துவிட்டார். டாக்டர் தசை குறைகிறது, காலுக்குப் பயிற்சி வேண்டும், புரதம் கூட்டுங்கள் என்றார். அதற்கென்றே ஒரு ஆப் போட்டுக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், ப்ளே ஸ்டோரில் இதே அச்சில் இன்னும் நிறைய கிடக்கின்றன.

திறந்ததும் ஐந்து கேள்வி கேட்கிறது. தசை குறைவு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் பயன்படுத்தும் சார்க்-எஃப் கேள்விகள்தான் அவை: கனம் தூக்குவது, அறைக்குள் நடப்பது, நாற்காலியிலிருந்து எழுவது, பத்துப் படி ஏறுவது, போன ஒரு வருஷத்தில் விழுந்தது. பதில்களுக்கான மொத்த மார்க் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். நல்ல ஆரம்பம், ஆனால் "பத்து பவுண்டு எடையைத் தூக்க முடியுமா" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "ஐந்து கிலோ அரிசிப் பை" என்றேன், உடனே பதில் வந்தது.

அடுத்தது நாற்காலிச் சோதனை. கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும், 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலவீனமாக இருக்கலாம் என்பது ஆசிய நிபுணர் குழு 2019-இல் வைத்த அளவு. இங்கேதான் கூத்து. போன் கேமராவே எண்ணிக்கொள்ளுமாம். புடவைக்குள் முழங்கால் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை, ஐந்து முறை எழுந்தால் இரண்டு என்கிறது, நைட்டியிலும் அதே கதை. "இது என்னம்மா, தோப்புக்கரணம் போட வச்சிட்டு வாத்தியாரு தூங்கிட்டாரா?" என்றார் மாமியார். கேமராவை அணைத்துவிட்டு டைமரை மட்டும் ஓடவிட்டு நானே எண்ணினேன், 16 விநாடி வந்தது. (பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். இதை ஆப் ஒரு வரிகூடச் சொல்லவில்லை, எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.)

ஆனாலும் காலையும் மாலையும் மணியடித்து எழுப்புகிறது பாருங்கள், அது வேலை செய்கிறது. நான் சொன்னால் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பவர் போன் சொன்னால் எழுந்துவிடுகிறார். இப்போது 13 விநாடியில் முடிக்கிறார்.

சாப்பாட்டுப் பகுதி சுத்த வேஸ்ட். இட்லி இருக்கிறது, சுண்டல் இல்லை, சாம்பாரை கிராமில் எடை போட்டுச் சொல்ல வேண்டுமாம். வயதானவர்களுக்குத் தினமும் ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்று நிபுணர்கள் சொல்கிறார்கள், 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம் வரை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம்தான். இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியதே எங்களுக்குப் போதுமாக இருந்தது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

"உங்கள் தசை இத்தனை கிலோ" என்று புள்ளி வைத்துக் காட்டுவதை நம்பாதீர்கள். உயரம், எடை, வயதை வைத்துப் போடும் கணக்கு அது, உடம்பை அது தொட்டே பார்க்கவில்லை. அதற்குத் தையல் டேப் மேல்: கெண்டைக்காலின் பருத்த இடத்தில் அளந்து பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் காட்டலாம். கால் வீக்கம் இருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும்.

டைமரும் மணியும் இலவசத்திலேயே வருகின்றன, வருடச் சந்தா கட்டாதீர்கள். சோதித்துப் பார்க்க ஆட்டோபே கொடுத்திருந்தால், ஆப்பை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது, ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும்.