டெக்சாஸில் சொந்த நிலமில்லாமல் பறவை வேட்டை: எந்த வழி கட்டுப்படியாகும்?

டெக்சாஸ் நிலத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் தனியார் கையில் இருக்கிறது. பண்ணை வைத்திருக்கும் நண்பரும் இல்லை, வார இறுதி முழுக்கப் பிள்ளைகளின் வகுப்புகளுக்கு வண்டி ஓட்டுகிறோம் என்றால் துப்பாக்கியோடு எங்கே போய் நிற்பது? டாலஸ் பக்கம் குடியிருக்கும் எனக்குத் தெரிந்து நாலு வழி உண்டு.

முதலில் புறா. மோர்னிங் டவ் என்பார்கள், பார்க்க நம்மூர் மணிப்புறா ஜாடை. வேட்டை லைசென்ஸ் 25 டாலர், வலசைப் பறவைக்கான கூடுதல் அனுமதி 7, பொது வேட்டை நிலங்களுக்கான வருடாந்தர பர்மிட் 48. ஆக 80 டாலரில் சீசன் முழுக்கப் போகலாம். வடக்கு மண்டலத்தில் செப்டம்பர் 1 அன்று தொடங்கும், ஒரு நாளைக்கு 15 புறா வரை சுடலாம். நாய் வேண்டாம், படகு வேண்டாம். கவிழ்த்த பக்கெட் ஒன்று உட்காரப் போதும். வேலை முடிந்து சாயங்காலம் போனால்கூட, தண்ணீருக்கு வரும் புறாக்களைப் பொழுது சாயும்வரை பார்க்கலாம். முதல் நாள் மட்டும் போகாதீர்கள், திருவிழாக் கூட்டம். இரண்டாம் வாரம், அதுவும் செவ்வாய், புதன் என்றால் நிம்மதி.

இதில் காசு கரைவது தோட்டாவில்தான். புறா வளைந்து நெளிந்து பறக்கும். என் முதல் பெட்டியில் 25 தோட்டா, பையில் விழுந்தது இரண்டு புறா. வறுத்துச் சாப்பிட்டபோது பல்லில் ஈயக்குண்டு கடிபட்டதுதான் மிச்சம்.

இரண்டாவது, தனியார் வயலில் நாள் கட்டணம். சூரியகாந்தி வயல், உங்களுக்கென்று ஒரு இடம், புறாவும் அதிகம். ஆனால் ஒரு நாளுக்கே நூறு டாலருக்கு மேல் போகும். அந்தப் பணத்தில் பர்மிட்டே வாங்கிவிடலாமே!

மூன்றாவது, வளர்த்த ஃபெசன்டையோ (கோழி இனத்து வேட்டைப் பறவை) காடையையோ புல்வெளியில் விட்டுச் சுடச் சொல்லும் இடங்கள். நாயும் வழிகாட்டியும் அவர்களே தருவார்கள், பறவை கிடைப்பது கிட்டத்தட்ட உறுதி. எனக்கென்னவோ கோழிக்கடைக்குத் துப்பாக்கியோடு போன மாதிரி இருந்தது. சரி, வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஒழியும் என்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

நாலாவது வாத்து வேட்டை, அது இப்போதைக்கு வேண்டாம். வாத்து சுட வாங்க வேண்டிய 25 டாலர் அனுமதி முத்திரை, அதாவது வாத்து ஸ்டாம்ப், பெரிய செலவில்லை. அதன் பின்னால் பொம்மை வாத்துகள், ரப்பர் கால்சட்டை, ஈயமில்லாத தோட்டா, விடியுமுன் எழுவது என்று நீண்டுகொண்டே போகும்.

எதைத் தேர்ந்தாலும், எச்1பி விசாவில் இருப்பவர்கள் வரிசையை மாற்றிவிடக் கூடாது. குடியேற்ற உரிமையில்லாத விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் தடை போடுகிறது; செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கொரு விலக்கு. அதனால் முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு, பிறகு லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கிக் கடை. பழைய பம்ப் ஷாட்கன் போதும். புறாவுக்கு அதில் மூன்று தோட்டாவுக்கு மேல் போகக் கூடாது என்பதால், தோட்டா அடுக்கும் குழலுக்குள் அடைப்புக் கட்டை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வயலுக்கு வரும் வார்டன், அதாவது வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி, நாலாவது தோட்டாவைத் திணித்துப் பார்ப்பார்.